முட்டை இருக்கட்டும், பருப்பு எங்கே?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். சாப்பாட்டில் எதையும் ஒதுக்குவதில்லை. சோறு, சப்பாத்தி, ராகி, தினம் இரண்டு காய், கீரை, பழம் எல்லாம் உண்டு. பருப்பு மட்டும் எனக்கு வயிற்றை உப்ப வைக்கிறது, வேகவைக்க நேரமும் கிடைப்பதில்லை. அதனால் விட்டுவிட்டோம். புரதத்துக்கு முட்டைதான், ஆளுக்கு தினம் நான்கு. கணவரின் ஜிம் நண்பர்கள் சொன்னபடி வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிடுகிறோம். மஞ்சள் கரு கீழ்வீட்டு நாய்க்கு. ஓசூரிலிருந்து வந்திருந்த அத்தை, "முட்டையை மட்டும் நம்பினால் உடம்பு நிற்குமா?" என்று கோபித்துக்கொண்டார். இத்தனை வகை சாப்பிடும்போது புரதத்துக்கு முட்டையை நம்பினால் என்ன தவறு? எனக்கு எடை 55 கிலோ, கணவருக்கு 65. இருவருக்கும் நோய் எதுவும் இல்லை. நாட்டு முட்டைக்கு மாறலாமா?

பதில்: முட்டையை நம்புவதில் ஒரு தவறும் இல்லை. உடம்புக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டிய அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கட்டுமானக் கற்கள், அத்தனையும் அதில் சரியான அளவில் இருக்கின்றன. வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரித்து உடம்பில் சேர்ந்துவிடும். விலையும் கட்டுப்படியாகும். ஆனால் நீங்கள் முட்டையை நம்பவில்லையே! முட்டையில் பாதியை நாய்க்குப் போட்டுவிட்டு, அந்த மீதிப் பாதியைக் காரணம் காட்டிப் பருப்பையும் வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இந்த இரண்டுமே தப்பு.

முதலில் மஞ்சள் கரு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். அதில் வெள்ளையில் இருப்பது மூன்றரை கிராம்தான், மீதி மஞ்சளில். அதாவது நான்கு வெள்ளைக்கருவில் கிடைப்பது 14 கிராம், இரண்டு முழு முட்டையில் 12 கிராமுக்கு மேல். இந்த அற்ப வித்தியாசத்துக்காக இரண்டு மடங்கு முட்டை வாங்கி உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வைட்டமின் ஏ, டி, கோலின், கண்ணுக்கு நல்லதான லூட்டின், பி12இல் பெரும்பகுதி, இவ்வளவும் இருப்பது மஞ்சளில்தான். பெங்களூரில் காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கும் வெயில் படுவதே அபூர்வம். அவர்கள் அந்த வைட்டமின் டி இருக்கிற உணவைத் தட்டிலிருந்து எடுத்து நாய்க்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொலஸ்ட்ரால் பயம்தான் காரணம் என்றால் சொல்கிறேன். ஒரு மஞ்சள் கருவில் 185 மில்லிகிராம் வரை கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. அதைக் கூட்டிவிடுவதில் நெய், வனஸ்பதி, பாமாயில், பேக்கரி பப்ஸ் இவற்றின் கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வெகுகாலம் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள்கூட 2015இல் அந்த எண்ணைக் கைவிட்டன. சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரையாக அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் இருவருக்கும் அப்படி எதுவும் இல்லை என்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு முழு முட்டை சாப்பிடுங்கள்.

இப்போது பருப்புக்கு வருவோம். 'எதையும் ஒதுக்குவதில்லை' என்று எழுதிவிட்டு, நம் சமையலின் முதுகெலும்பையே ஒதுக்கியிருக்கிறீர்கள். சோறு, சப்பாத்தி, ராகி மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் தானியம். தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதைப் பருப்பும் ஈடுகட்டும், முட்டையும் ஈடுகட்டும். அந்த அளவில் உங்கள் கணக்கு சரி. ஆனால் முட்டையில் நார்ச்சத்து துளிகூடக் கிடையாது. பருப்பு நாரோடு, ஃபோலேட் என்ற பி வைட்டமின், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஃபோலேட் விஷயத்தில் பெண்கள் அலட்சியமாக இருக்கவே கூடாது.

தமிழ்நாட்டுச் சத்துணவைப் பாருங்கள். தட்டில் முட்டை வந்தது என்பதற்காக யாரும் சாம்பாரை நிறுத்தவில்லை. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் சேர்ந்தே வந்தன. கர்நாடகத்திலும் 2024இலிருந்து அரசுப் பள்ளிகளில் வாரம் ஆறு நாள் முட்டை என்றானது. அங்கேயும் சோறு, சாம்பாரோடுதான் அது போகிறது. குழந்தைகளுக்கு இவ்வளவு யோசித்துப் பரிமாறுகிறோம். நம் வீட்டில் நமக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் கொடுத்த பரிந்துரை. உங்களுக்கு 46 கிராம், கணவருக்கு 54. நாள் முழுக்கச் சாப்பிடும் தானியம் 250 கிராம் என்று வைத்தால் அதிலேயே 20 கிராம் வந்துவிடும். இரண்டு முட்டை 12, ஒரு கை பருப்பு, அதாவது 60 கிராம், 13. தயிரும் பாலுமாக 300 மில்லி என்றால் 9. கூட்டிப் பாருங்கள், 54. பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். கணவர் ஜிம்மில் நிஜமாகவே கனமான எடை தூக்குகிறார் என்றால் அவருக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். இன்னொரு முழு முட்டையும் ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்த்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட்டால் நல்லது.

வயிறு உப்புவது நிஜமான தொந்தரவுதான், நான் மறுக்கவில்லை. பருப்பிலுள்ள சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைக்கிறது. வாயு வருவது அதனால்தான். இரவு படுக்கும் முன் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். ஊறப்போட உங்கள் நேரம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. முழுப் பயறை முளைகட்டினால் இன்னும் குறையும். துவரம்பருப்பில் ஆரம்பிக்காதீர்கள். பாசிப்பருப்பு எளிதில் செரிக்கும், ஊறாமலே குக்கரில் சட்டென்று வெந்துவிடும். முதல் வாரம் இரண்டு கரண்டி போதும், பிறகு மெல்லக் கூட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குடல் சில வாரங்களில் பழகிவிடும். பழகவே இல்லை, வலியும் இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் இருப்பது பெங்களூரு. ராமநவமிக்கு ஊரெல்லாம் கொடுக்கிற கோசம்பரி, ஊறிய பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் தேங்காயும் எலுமிச்சையும்தான். அதற்கு அடுப்பே வேண்டாம். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் சாறு வைத்து, வெந்த கொள்ளைப் பொரியலாக்கி ராகிக் களியோடு சாப்பிடுகிற ஊர் இது. மார்கழியும் தையும் வந்தால் தெருவெங்கும் அவரைக்காய் குவியும். அதை உரித்து, உள்ளிருக்கும் பயறை ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பிதுக்குப் பருப்புக் குழம்பை உங்கள் ஓசூர் அத்தைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த முறை வந்தால் வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பிதுக்கலாம், கணவருக்கும் அதில் பாதி வேலை இருக்கட்டும்.

நாட்டு முட்டை? ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்தது இல்லை. நாட்டு முட்டை பெரும்பாலும் அளவில் சிறியது, அதனால் ஒரு முட்டையில் கிடைக்கும் புரதமும் கொஞ்சம் குறைவே. ருசிக்காக எப்போதாவது வாங்குங்கள். புரதத்துக்கு நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் வெள்ளை முட்டையே போதும்.