உப்புக்காத்துல மருவு வளருமா?

கடிதம்:

அன்புள்ள அக்கா, எனக்கு கீழக்கரை பக்கம். மார்ஜோரம், அதான் நம்ம மருவு, ஆன்லைன்ல வாங்கி கோகோபீட் (தேங்காநார்த் தூள்) தொட்டில வெச்சேன். காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தியும் கார்த்திகை மழைல அழுகிடுச்சு. மறுபடி வாங்கினதும் நுனி கருகிப் போச்சு. இதை மீன் குழம்புல போடலாமா, அம்மாவுக்கு நெஞ்சுச்சளி, கஷாயம் வெச்சுக் குடுக்கலாமா? ஆனா இந்த வறண்ட மண்ணுல வேலிக்கருவையத் தவிர என்ன வரும், கொடைக்கானல்ல பொறந்திருக்கணும்.

பதில்:

அன்புள்ள தம்பி,

அந்தக் கடைசி வரி மட்டும் இல்லேன்னா நாலு வரில பதில் போட்டிருப்பேன். கொஞ்ச நாளா நானும் இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், நம்ம புள்ளைகளே நம்ம மண்ணை இப்படிப் பேசுதேன்னு.

மருவோட பொறந்த ஊர் எது தெரியுமா? சைப்ரஸும் துருக்கியோட தென்கரையும். சைப்ரஸ்ல வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுவும் குளிர்காலத்துல, கோடைல மழையே அபூர்வம். நம்ம ராமநாதபுரத்துல 800-க்கு மேல பெய்யுது, அதுல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகைய ஒட்டியே கொட்டித் தீத்துரும். இப்பச் சொல்லு, யாரு வறண்டவங்க? சுண்ணாம்பு மண்ணு, தண்ணி நிக்காத நெலம், நல்ல வெயில், இதுதான் அது கேக்குறது. மண்டபம், பாம்பன் பக்கம் பவளப்பாறைச் சுண்ணாம்பு மேலதான் வீடே கட்டியிருக்கோம். தங்கச்சிமடத்து மணல்ல வேர் விட்ட மல்லிகை நாத்துதான் ஊர் ஊரா பஸ் ஏறிப் போகுது, அதைப் பாத்துட்டுமா வேலிக்கருவைங்குற? அந்தக் கருவை நாம கொண்டாந்து விட்டது, மண்ணு கேட்டு வாங்கல.

எங்க அப்பத்தா தங்கச்சிமடத்துலதான் இருந்துச்சு, கிணத்துமேட்டுல மருவு வெச்சிருக்கும். கடல் பக்கம் பனையோலைத் தட்டி, அவ்வளவுதான் காவல். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாக்கும், காஞ்சிருந்தாத்தான் தண்ணி. சாயங்காலம் மல்லியோட ஒரு கொழுந்து மருவு வெச்சுக் கட்டும்போது நான் முதுகுல சாஞ்சு உக்காந்திருப்பேன், அந்த வாசம் இன்னமும் எனக்கு அப்பத்தா வாசம்தான். அது யார்கிட்டயும் என் மண்ணு சரியில்லைன்னு சொன்னதில்ல.

நீ கொன்னது தண்ணி ஊத்தித்தான்டா தம்பி. கோகோபீட் ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும், அதுல ரெண்டு வேளை தண்ணி, மேல கார்த்திகை மழை, வேர் எப்படி மூச்சு விடும்? ரெண்டாவது செடி கருகினது அனேகமா போர் தண்ணி உப்பு, இல்லேன்னா கடக்காத்துல வந்து படியுற உப்பு. உப்புத்தண்ணில மருவு குறுகிப் போயிரும். மழைத்தண்ணிய டிரம்ல புடிச்சு வை. ஆத்துமணல், கொஞ்சம் மக்கின சாணி, அடில ஓட்டை உள்ள மண்தொட்டி போதும். மழை மாசத்துல தாழ்வாரத்துக்கு நகத்திரு, சித்திரை வெயில்ல மத்தியானம் மட்டும் நெழல் குடு. வெதை தூசி மாதிரி இருக்கும், மெதுவாத்தான் முளைக்கும், அதனால தை மாசம் பூக்கடைல புதுசா ஒரு கட்டு வாங்கி, மொட்டு வைக்காத தண்டா பாத்து அடி இலையக் கிள்ளிட்டு மணல்ல குத்தி வை. மரிக்கொழுந்து வேற செடி, மாத்தி வாங்கிராத. வேர் புடிச்சு வளந்தப்புறம் மொட்டு வர்றதுக்கு முன்னாடியே நுனியக் கிள்ளிக்கிட்டே இரு, அப்பத்தான் புதராகும்.

குழம்புலயா? புளிக்குழம்புல கொதிச்சா வாசமே போயிரும். அடுப்ப அணைச்சப்புறம் ஆட்டுக்கறி மேலயோ வறுத்த பாறை மீன் மேலயோ தூவு. ஜெர்மன்காரங்க சாசேஜ்ல, அதான் தொத்திறைச்சில, இதைத்தான் போடுறாங்க, உங்க ஊர்ல துபாய்ல இருந்து வர்ற ஜாத்தர் பொடி இருக்கே, அதுல இருக்குற இலை இதுக்குப் பங்காளி. நெழல்ல காய வெச்சா வாசம் நிக்கும்.

அம்மாவுக்கு ஒரு கிள்ளு இலை போட்டு வெந்நி குடு, தொண்டைக்கு இதமா இருக்கும், அதுக்கு மேல அது மருந்தில்ல. சளி நாள்பட்டதுன்னா, மூச்சு வாங்குதுன்னா, செடிகிட்ட நிக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பாட்டில்ல விக்கிற மருவு எண்ணெய உள்ளுக்குக் குடுத்துறாத.

தை மாசம் குத்தி வெச்சுட்டு எனக்கு எழுது. வேர் புடிக்கலேன்னாலும் எழுது, தொட்டியையும் தண்ணியையும் பாப்போம், மண்ணை மட்டும் இனி திட்டாத.