இலக்கு மூன்றும் வந்துவிட்டன, திட்டம் ஏன் வரவில்லை?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஏஐ பாடத்துக்காக கிராஃப்பிளான் எழுதுகிறேன் (செயல்களையும் அவற்றின் விளைவுகளையும் படிக்கு ஓர் அடுக்காக கிராஃபில் கட்டி, அதில் திட்டம் தேடும் அல்காரிதம்). தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை, இரண்டு ரைடர்கள், மூன்று ஆர்டர்கள்: தோ பாயோ, பீஷான், யீஷூன். ஒருவர் ஒரு நடைக்கு ஒரு பொட்டலம்தான் கொண்டுபோகலாம். முதல் ஆக்‌ஷன் அடுக்கு முடிந்ததுமே மூன்று இலக்குகளும் மியூட்டெக்ஸ் (இரண்டு ஒருசேர நடக்க முடியாத மோதல்) இல்லாமல் வந்துவிடுகின்றன. திட்டம் மட்டும் கிடைக்கவில்லை. கோடில் தப்பா? (மாணவர், உட்லண்ட்ஸ்)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோட் சரியாகத்தான் ஓடுகிறது. ஓர் இலக்கு கிராஃபில் வந்துவிட்டால், அத்தனை படிக்குள் அது நடக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். வராவிட்டால் அத்தனை படிக்குள் நிச்சயம் நடக்காது. கிராஃபை நம்பி எடுக்கக்கூடிய முடிவு இந்த இரண்டாவதுதான்.

மியூட்டெக்ஸ் எதையும் ஜோடி ஜோடியாகத்தான் பார்க்கும். முதல் ரைடர் தோ பாயோவுக்குக் கிளம்பினால் 'அவர் கடையில் இருக்கிறார்' என்பது அழிந்துபோகும். அவரே பீஷானுக்குக் கிளம்பவும் அதுதான் முன்நிபந்தனை. ஆகவே அந்த இரண்டு ஆக்‌ஷனும் மோதும். ஆனால் பீஷானுக்கு இரண்டாமவர் போகலாமே! அதனால் தோ பாயோ, பீஷான் இலக்குகளுக்குள் மோதல் இல்லை. மற்ற இரண்டு ஜோடிகளும் இப்படியே தப்பித்துவிடும். மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் ஆள் போதாது என்று தெரியும். கிராஃப் அதைக் கேட்பதே இல்லை. இலக்கிலிருந்து தொடக்கம்வரை பின்னோக்கித் திட்டம் தேடும்போதுதான் அது வெளிப்படும்.

மூன்று மூன்றாகவும் சோதித்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ஜோடியோடு நிறுத்துவதால்தான் கிராஃபை மலிவாகக் கட்ட முடிகிறது. 1995-இல் பிளமும் ஃபர்ஸ்டும் கிராஃப்பிளானை வெளியிட்டபோது செய்த நல்ல தேர்வு இது என்பேன்.

தேடல் தோற்றால் அடுக்கைக் கூட்டுங்கள். இரண்டாம் படியிலும் தோற்கும், ஏனென்றால் அதற்குள் யாரும் திரும்பிவந்து மறுபடி கிளம்ப முடியாது. மூன்றாம் படியில் கிடைத்துவிடும். அதற்கு, முதல் படியில் கொடுத்த ஆர்டர் கடைசிவரை 'கொடுத்தாயிற்று' என்றே இருக்க வேண்டும். அதைச் சுமந்து வருவது நோ-ஆப், அதாவது எதையும் மாற்றாமல் உள்ளதை அப்படியே அடுத்த அடுக்குக்குக் கொண்டுபோகும் ஆக்‌ஷன். பலர் மறப்பது இதைத்தான், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 'திரும்பி வருதல்' ஆக்‌ஷனையே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அடுக்கைக் கூட்டினாலும் கிராஃப் மாறாமல் நிலைத்துவிடும், இலக்குகள் மோதாமலே நிற்கும், திட்டம் மட்டும் என்றைக்கும் வராது. கிராஃப் நிலைத்ததை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்; அது நிலைத்த பிறகும் சில கணக்குகளுக்குத் திட்டம் கிடைக்கும். தேடலில் தோற்றுப்போன இலக்குக் கூட்டங்களை அடுக்குவாரியாகக் குறித்து வையுங்கள். நிலைத்த அடுக்கில் அந்தப் பட்டியல் அடுத்தடுத்த இரண்டு சுற்றிலும் கூடாமல் இருந்தால், தீர்வு இல்லை என்று சொல்லி நிறுத்தலாம்.