காரைக்குடி வீட்டு கார் ஷெட்ல 20 வருஷமா கிடக்குற 1965 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார், நானே ரெடி பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம் தம்பி, ஆனா ஆர்வத்துல சாவிய மட்டும் திருப்பிராதீங்க. முதல்ல ஸ்பார்க் பிளக்க கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற விடுங்க, அப்புறம் எஞ்சின கையால மெதுவா சுத்திப் பாருங்க.

எஞ்சினவிட எனக்கு பயம் கதவுக்குக் கீழ இருக்குற சில் தான். இந்த வண்டில அது அழகுக்கு வச்ச தகடு இல்ல, பாடி நிக்கிறதே அதுலதான். ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, பொலபொலன்னு கொட்டுச்சுன்னா வெட்டி வெல்டிங் வைக்கணும், ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி கதவு இடைவெளில குறுக்க இரும்புக் குழாய் வச்சு பிடிச்சுக்கங்க, இல்லைன்னா பாடி தொய்ஞ்சு அப்புறம் கதவே மூடாது, நான் அதப் பண்ணாம ஒரு மாசம் அவதிப்பட்டேன். தரை ஆத்தங்குடி கல்லா இருந்தா வண்டியத் தூக்கி நிறுத்துற ஸ்டாண்டுக்கு அடில தடிச்ச பலகை போடுங்க, அப்பத்தா காலத்துக் கல்லு விரிஞ்சா மனசு கேக்காது.

அப்புறம் பிரேக்: ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் போனா மொத்தமும் போச்சு, அதனால ரப்பர் எல்லாம் புதுசு. பெட்ரோல் ஹோசும் மாத்துங்க, இப்ப வர்ற இ20ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர அரிச்சிரும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா நல்லா ஸ்டார்ட் ஆகும், ஆனா உங்க வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனைதான் பாடில இணைஞ்சிருக்கும், 1967ல மார்க் 3ங்கிற அடுத்த மாடல் வந்தப்பதான் நெகட்டிவ் ஆச்சு, அதனால பாசிட்டிவ் எர்த்துக்கு ஏத்ததான்னு கேட்டு வாங்குங்க.

சென்னைல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே குடும்பம்தான், பழைய பார்ட்ஸ் கடைல அந்தப் பேரச் சொல்லியும் விசாரிங்க.