கோப்பாய்ச் செம்மண்ணில் மஞ்சளாகும் தேசிக்கன்று

தேசிக்கன்று (எலுமிச்சை) மஞ்சளாகிறது என்று யூரியா போட்டு வருகிறீர்கள். இனிப் போடாதீர்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்கிறீர்கள். அது இரும்புச்சத்துக் குறை. யூரியா தருவது தழைச்சத்து (நைதரசன்); அது குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும்.

நம் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ச் செம்மண்ணின் நிறமே இரும்பால் வந்தது, அதுதான் வேடிக்கை. ஆனால் கீழே சுண்ணாம்புக்கல், இறைக்கிற கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. மண்ணில் காரத்தன்மை ஏறினால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

கன்றுக்கு அருகே ஒன்றரை அடி கிண்டி, அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அலவாங்கு (கடப்பாரை) 'டங்' என்று கல்லில் முட்டினால் அந்த இடத்தில் தேசி வளர்ப்பதைக் கைவிடுங்கள். மாதுளையோ முருங்கையோ வைக்கலாம்.

கல் இல்லையா, சரி. லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேற் (இரும்பு உப்பு) கரைத்துப் பொழுதுபடும் நேரம் இலையில் தெளியுங்கள். அதையே மண்ணில் கொட்டுவது வீண் காசு. நிலைத்த பலனுக்குக் குழை தாழ்க்க வேண்டும், அதாவது பச்சை இலைகளை மண்ணில் புதைக்க வேண்டும்: கிளிசரியா, பூவரசு, கூடவே மாட்டெரு. பலன் தெரியக் காலம் எடுக்கும்.

ஒன்று: பாத்தியில் எந்நேரமும் ஈரம் நின்றாலும் இதே மஞ்சள் வரும். தினமும் இறைக்கிறீர்கள் என்றால் முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள்.