பஸ்ஸில் கயிலாயம் போனால் மூச்சுத்திணறல் வராதா?

கேள்வி: எனக்கு வயது 58, பிரஷர் மாத்திரை போடுகிறேன். கணவருக்கு 64, பல வருடமாகச் சர்க்கரை. காத்மாண்டுவிலிருந்து திபெத்தில் உள்ள கேருங், சாகா ஊர்கள் வழியாகப் பஸ்ஸில் போய், மானசரோவர் கரையிலிருந்து கயிலாயத்தைத் தரிசித்துத் திரும்புவதாகத் திட்டம். மலையைச் சுற்றி வரும் பரிக்ரமா நடக்கப் போவதில்லை. அதனால் பயமில்லை, கற்பூரத்தை முகர்ந்துகொண்டே போனால் போதும் என்கிறார்கள். சரியா டாக்டர்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை அம்மா. நடந்து போகிறவர்களைவிட வண்டியில் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நடப்பவர் மெதுவாக ஏறுவார், உடம்பும் கூடவே பழகும். பஸ் அதற்கு அவகாசம் தராது.

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர், கேருங் ஏறத்தாழ 2,800. அங்கிருந்து கிளம்பினால் 5,000 மீட்டருக்கு மேலான கணவாயைக் கடந்து, அன்று இரவே சாகாவில் தங்க வைத்துவிடுவார்கள். சாகா கிட்டத்தட்ட 4,500 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது மலை மருத்துவம் சொல்லும் கணக்கு. இங்கே ஒரே நாளில் சுமார் 1,700. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் 60 சதவீதம்கூட இருக்காது. மானசரோவர் கரையும் 4,590 மீட்டர் என்பதால், தரிசனம் முடியும்வரை இதே உயரம்தான்.

கற்பூரம் மூக்கில் குளிர்ச்சி தரும், ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. வாயில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், அது விஷம்.

சாகாவில் தலைவலி, குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்ற நிலை வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயரத்தால் வந்ததுதான். நம் ஆட்கள் இதை மறைத்துவிடுகிறார்கள். இத்தனை காசு கட்டி, இத்தனை நாள் வேண்டிக்கொண்டு வந்தபின் ‘உங்களைத் திருப்பி அனுப்புகிறோம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். உங்கள் கணவரிடம் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்: தலைவலி என்றால் அந்த நிமிடமே உங்களிடம் சொல்ல வேண்டும். தலைவலியோடு அதற்கு மேல் ஏறக்கூடாது. சந்தேகமாக இருந்தால், குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இறக்கிவிட வேண்டும்.

இந்தப் பாதையின் பெரிய சிக்கலே அந்த இறங்குவதில்தான். திபெத் ஒரு பீடபூமி. சாகாவிலிருந்து தாழ்வான கேருங்குக்குத் திரும்ப, அந்த உயரமான கணவாயை மறுபடி ஏறித் தாண்ட வேண்டும். அதனால்தான் வருமுன் காப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அசெட்டசோலமைட் என்ற மாத்திரை (டயமாக்ஸ்) உதவும். வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனியில் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அது பரவாயில்லை. ஆனால் சல்ஃபா அலர்ஜியோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் நீங்களாகப் போடக்கூடாது. உங்கள் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா, கணவர் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுக்கிறாரா என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள். சாப்பிட முடியாமல் வாந்தியும் எடுக்கும் நாட்களில் அந்தச் சர்க்கரை மாத்திரை ஆபத்தாகலாம். இன்சுலின் போடுபவர் என்றால் அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்கட்டும். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

இரவில் அவர் மூச்சு சில நொடி நின்று, பிறகு வேகமாக வாங்கும். அந்த உயரத்தில் பலருக்கும் அப்படித்தான், பதறாதீர்கள். ஆனால் தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது. ஏரியில் முங்கிக் குளிக்கவும் வேண்டாம், அந்தக் குளிர் இதயத்தின் மேல் திடீரென்று சுமையை ஏற்றும். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

ஒரு மாதம் முன்பே இருவரும் இதயத்துக்கு ஈசிஜி, டிரெட்மில், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். அப்புறம் பயண ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி: கேருங்கில் இரண்டு இரவு தங்க வைப்பார்களா? கையில் பிடிக்கும் ஸ்ப்ரே டப்பா இல்லாமல் நிஜமான ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியில் இருக்குமா? நடுராத்திரியில் ஒருவரை மட்டும் இறக்க வேண்டுமென்றால் தனி வண்டி கிடைக்குமா? நேரான பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.