துபாய்க்கு விசிட் விசா என்கிற அந்த ஒரு வரி

தங்கச்சி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 24, பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை, குவைத்தில் வீட்டு வேலை, மாதம் நாற்பதாயிரம் ரூபாய். வெயில் எப்படி, பொன்னி அரிசி கிடைக்குமா, எத்தனை சுடிதார் எடுத்து வர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். நடுவில் ஒரு வரி: "ஏஜென்ட் அக்கா ஒரு பைசா வாங்கவில்லை, முதலில் துபாய்க்கு விசிட் விசாவில் அனுப்பி, அங்கிருந்து குவைத்துக்கு மாற்றிவிடுகிறார்களாம்." அரிசி கிடைக்கும், வெயில் ஐம்பது டிகிரியைத் தொடும், துணி இங்கே குவைத்திலேயே வாங்கலாம். நான் பதில் சொல்ல நினைப்பது அந்த நடு வரிக்குத்தான்.

நானும் ஒரு பைசா கொடுக்காமல் வந்தவள். 2004இல், 27 வயதில். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம். கணவர் தவறிப்போய் ஒன்றரை வருடம், கையில் ஒரு பையன். எங்கள் தெருவுக்கு வாழ வந்த ஒருத்தி குவைத் போய்வந்து மாடி வீடு கட்டியிருந்தாள். தையல் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். நான் நன்றாகத் தைப்பேன். அளவெடுக்கும் டேப்பையும் என் கத்தரிக்கோலையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

குவைத் விமான நிலையத்தில் ஒருவர் எங்கள் பதினோரு பேரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி, அடுக்கி, ஒரு ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு என் பாஸ்போர்ட்டை நான் கண்ணால் பார்த்தது மூன்றரை வருடம் கழித்து. அங்கிருந்து மக்தப். ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்துக்கு இங்கே அதுதான் பெயர். சுவரோரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, திருப்பச் சொல்லி, நகத்தைப் பார்த்தாள். தையல் கடை எங்கே என்று மலையாளி ஒருவரிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜஹ்ராவில் மூன்று மாடி வீடு. வீட்டு எஜமானியை இங்கே "மாமா" என்று கூப்பிட வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்தால், ஆண்கள் கூடும் தீவானியாவில் கடைசி டீ கிளாஸைக் கழுவி வைக்க நள்ளிரவு தாண்டிவிடும். நான்காவது மாதம் சம்பளம் கேட்டேன். "உனக்காக மக்தபுக்கு நானூறு தினார் கொடுத்திருக்கிறேன். அதைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குப் போ" என்றாள். நான் கொடுக்காத பணத்தை யார் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முறையான வழியில் வந்தாலும் முதலாளிதான் செலவு செய்கிறார். ஆனால் அங்கே ஒப்பந்தத் தாள் உண்டு, எந்த வீடு, யார் முதலாளி, எவ்வளவு சம்பளம் என்று விமானம் ஏறும் முன்பே தெரியும். உன் ஏஜென்ட் அக்காவிடம் இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லிப் பார்.

விசிட் விசா எதற்கு என்று யோசித்தாயா? பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் இசிஆர் வகை. குவைத், சவூதி, அமீரகம், ஓமன் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்கு அரசின் அனுமதி வேண்டும். பெண்ணுக்கு 30 வயது நிறையாவிட்டால் அந்த அனுமதி கிடைக்காது. 2016 முதல் இசிஆர் பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்புவது அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே. உனக்கு 24. நேர்வழியில் உன்னை அனுப்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் "இமிகிரேஷனில் கேட்டால் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். இன்னும் சொல்லவில்லை என்றால் டிக்கெட் கொடுக்கும் அன்று சொல்வார்கள். சுற்றுலா விசாவில் போனவளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளி என்று இருக்காது. துபாயில் ஓர் அறையில் பூட்டிவைத்து, பிறகு மஸ்கட்டோ குவைத்தோ, யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே தள்ளுவார்கள். இலங்கைப் பெண்கள் இப்படி ஓமனில் சிக்கியது 2022இல் பெரிய செய்தியானது.

வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருவது இன்னொரு வழி. நான் வேலை செய்த வீட்டு மொட்டை மாடிக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அங்கே துணி காயவைக்க ஒரு பெண் வருவாள். ஆந்திராவில் ராயசோட்டி பக்கம். அவளுக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ், நடுவில் இருவருக்கும் தெரிந்த கொஞ்சம் அரபு. பாஸ்போர்ட்டில் 32 வயது. துணி போட்டு முடித்ததும் மிச்சமிருக்கும் கிளிப்புகளை நிறம் நிறமாகப் பிரித்து அந்தச் சுவரின் மேல் ரயில் போல அடுக்குவாள். இன்றைக்கு என்ன கிழமை என்று தினமும் கேட்பாள். ஒருநாள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்: பதினாறு. பிறகு ஒரு வாரம் காணவில்லை. அடுத்த வாரம் அந்தக் கொடியில் வேறொரு பெண் துணி போட்டாள். யாரிடம் கேட்பது? அந்த வீட்டில் வைத்த பெயர்தான் எனக்குத் தெரியும், அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

இலங்கை மூதூர் ரிசானா நபீக்கை உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது சிறுமி. பிறப்புச் சான்றிதழ்படி 1988இல் பிறந்தவள். 2005இல் 17 வயதில், 23 என்று காட்டிய பாஸ்போர்ட்டில் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். போன சில வாரங்களில் அவள் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவள் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. அந்தப் பொய் வயதை எழுதிக் கொடுத்த கையை நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

இதெல்லாம் பழைய கதை என்று உன் ஏஜென்ட் சொல்லக்கூடும். வீட்டு வேலைக்கு வந்த பெண்களைப் படத்தோடு கைப்பேசிச் செயலிகளில் விற்பனைக்குப் போட்டிருந்ததை, இதே குவைத்தில், 2019இல் பிபிசி வெளியே கொண்டுவந்தது. அதில் ஒருத்தி கினி நாட்டுப் பெண், வயது 16.

நான் விரும்பித்தானே வந்தேன், என் தலைவிதி என்று பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது என்று ஐநாவின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. நம் நாட்டிலும் இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013இல் திருத்திய 370ஆம் பிரிவில் அதுவே இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. இதற்கு ஆள்கடத்தல் என்று பெயர். வாயைக் கட்டி வண்டியில் ஏற்றினால்தான் கடத்தல் என்று நினைக்காதே. என்னை வழியனுப்ப என் அம்மாவே சாமி கும்பிட்டு விபூதி வைத்தாள்.

இங்கிருக்கும் நம்மவர்கள் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு. பொங்கலுக்கு மண்டபம் பிடித்துக் கரும்பு கட்டுகிறார்கள். காதிம் விசாவில், அதாவது வீட்டு வேலை விசாவில் வந்தவள் என்று தெரிந்தால் பக்கத்து நாற்காலியில் உட்காரமாட்டார்கள். அடி வாங்கி வந்த பெண்ணிடம் "இரண்டு வருடம்தானே, பொறுத்துக்கொள்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அதைவிட மோசம், தானே அடிபட்டு மீண்டு, பிறகு ஊரில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசி அனுப்புகிறவள். உன் ஏஜென்ட் அக்கா என்று எழுதியிருக்கிறாயே, அந்த "அக்கா" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

நான் தப்பியது எழுத்தால். பால் பாக்கெட்டிலும் மாவு மூட்டையிலும் அச்சடித்த அரபு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். ஒருநாள் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "ராத்திப்" என்ற சொல் கண்ணில் பட்டது. சம்பளம். முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தது. போடமாட்டேன் என்றேன். அறை விழுந்தது, போடவில்லை. கடைசியில் தூதரகம் போய்ச் சேர்ந்தேன், பாதிச் சம்பளமாவது கைக்கு வந்தது. ஊர் திரும்பி, இரண்டு வருடம் கழித்து தனியார் கம்பெனி வேலைக்கான 18ஆம் நம்பர் விசாவில், கடையின் பெயரை முன்கூட்டியே விசாரித்துத் தையல்காரியாக வந்தேன். இப்போது சால்மியாவில் குவைத்தி மணப்பெண்களுக்கு நான்தான் தைக்கிறேன். என் பையன் டிப்ளமோ முடித்துவிட்டான். அதனால் வெளிநாடே வேண்டாம் என்று உன்னிடம் சொல்லமாட்டேன்.

2015இல் இங்கே வீட்டுப் பணியாளர்களுக்கென்று 68ஆம் எண் சட்டம் வந்தது. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று வைத்தார்கள், அன்று நல்ல செய்திதான். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்கூட வராது. உனக்குச் சொன்ன நாற்பதாயிரத்தோடு வைத்துப் பார். விசிட் விசாவில் நுழைந்தவள் எந்தச் சட்டத்தைச் சொல்லி எந்த வாசலில் போய் நிற்பாள்?

30 வயது ஆகும்வரை காத்திருக்க முடியாது என்றால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுது, ஒரு தொழில் கற்றுக்கொள். வெளிநாட்டு வேலைக்குச் சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே பதிவு செய். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவெண் இருக்கிறதா என்று பார். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் வரியும். மிரட்டினால் 181க்கு அழை. உன்னோடு கிளம்புவதாக எழுதியிருக்கிறாயே சித்தி மகள், அவளுக்கு உண்மையான வயது என்ன? பதினெட்டுக்குக் கீழே என்றால் 1098.

ஒன்றை நீ எழுதவே இல்லை. உன் பாஸ்போர்ட் இப்போது யார் கையில் இருக்கிறது? அந்த ஏஜென்ட்டிடம் இருந்தால், பெயரில் பிழை, திருத்த வேண்டும் என்று எதையாவது சொல்லி நாளைக்கே வாங்கிவிடு. வாங்கியதும் எனக்கு எழுது.