தொண்டையில் சிக்கி நிற்பது எது?

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு, எனக்கு 46 வயது. பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு மாதங்களாகத் தொண்டையில் ஏதோ சிக்கி நிற்பது போன்ற உணர்வு இருக்கிறது. காய்ச்சலோ நோவோ இல்லை. சாப்பிடும்போது அது தெரிவதில்லை. எச்சிலை விழுங்கும்போதுதான் தெரிகிறது. பாமசியில் இரண்டு தடவை அன்ரிபயோட்டிக் வாங்கிப் போட்டும் குறையவில்லை. என் பெரியப்பா தொண்டைப் புற்றுநோயால் இறந்தவர் என்பதால் இரவில் நித்திரை வருவதில்லை. இதை யாரிடம் காட்ட வேண்டும்?
- ஆசிரியை, கோப்பாய்

பதில்: சாப்பிடும்போது தெரிவதில்லை, எச்சிலை விழுங்கும்போதுதான் தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி. உணவு போகும் வழியைக் கட்டியொன்று அடைத்திருந்தால், முதலில் பாணும் இறைச்சியும் இறங்க மறுக்கும், பின்னர் குழைத்த சோறும் சிக்கும், கடைசியில் சொதியும் தேநீரும்கூடச் சிரமம் தரும். அந்தச் சிரமம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. உணவுக்குழாயின் மேல்வாயிலில் உள்ள வளையத் தசை இறுகி நிற்கும்போது வெறும் எச்சிலை விழுங்கினால் அந்த இறுக்கம் உணரப்படுவதும், உணவுக் கவளம் இறங்கும்போது அது மறைந்துவிடுவதும் வழக்கமாகக் காணப்படுகிற நிலைதான். மனப்பதற்றம் இந்த இறுக்கத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனாலும் நோயாளியைப் பரிசோதிக்காமலே "எல்லாம் யோசனையால் வருவது" என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம்.

தொண்டையில் உணரப்படும் தொல்லைக்குக் காரணம் தொண்டையில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. இரைப்பையிலுள்ளது மேலெழுந்து தொண்டைவரை வருவது ஒரு காரணம். இப்படி வருபவர்களில் பலருக்கு நெஞ்செரிவே இருப்பதில்லை. இரவு ஒன்பதரைக்கு உறைப்புக் கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கைக்குப் போகும் எங்கள் வீட்டு வழக்கம் இதற்கு நன்றாகவே துணைபோகிறது. இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுவதும், தலையணைகளை அடுக்குவதற்குப் பதிலாகக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்துவதும் பலருக்குப் பயன் தரும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கவேண்டாம். தொண்டைத் தொல்லை நீடித்தவர்களுக்கு 16 வாரங்கள் லான்சோப்பிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையைக் கொடுத்துப் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், அந்த மாத்திரை மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதையும் தரவில்லை.

மூக்கின் பின்புறமாகச் சளி வடிவது இன்னொரு காரணம். சோளகம் வீசும் மாதங்களில் புழுதியோடு இது கூடும். நீங்கள் ஆசிரியை என்பதால் குரலையும் கவனிக்கவேண்டும். நிறைந்த வகுப்பில் உரத்துப் பேசுவதும், வெண்கட்டித் தூளும், பாடத்துக்குப் பாடம் தண்ணீர் குடிக்காமல் நிற்பதும் குரல்நாண்களை வருத்தும். அடிக்கடி தொண்டையைச் செருமுவதோ அதைவிடக் கெடுதலானது: செருமச் செருமத் தொண்டை புண்படும், புண்பட்ட தொண்டை மறுபடியும் செருமச் சொல்லும். செருமல் வரும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

பிரஷர் மாத்திரை பாவிப்பவரா என்பதை நீங்கள் எழுதவில்லை. எனலாப்பிரில் வகை மாத்திரைகள் தொண்டை அரிப்பையும் வறட்டு இருமலையும் தரக்கூடும். அப்படியானால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொயிட் இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளிக்காவிட்டால் தொண்டையில் பூஞ்சணம் படியும். தைரொயிட் சுரப்பி வீங்கியிருந்தாலும் கழுத்தில் அழுத்தம் தெரியும் என்பதால், கழுத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியாகும்.

அன்ரிபயோட்டிக் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பெரும்பாலான தொண்டை நோவுகள் வைரசால் வருபவை; அவற்றுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. உங்களுக்கோ காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை. அந்தக் குளிசைகளுக்கு அங்கே செய்வதற்கு எதுவுமே இருக்கவில்லை. மறுபுறம், காய்ச்சலோடு உள்நாக்கருகில் வெண்படலம் தெரியும் பிள்ளைக்கு வைத்தியர் பென்சிலின் எழுதித் தந்தால், இரண்டு நாளில் சுகம் கண்டாலும் சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்கவேண்டும். அரைகுறையாக விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைத் தாக்கக்கூடும்.

பெரியப்பாவின் நோயை எண்ணி அஞ்சுகிறீர்கள். தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையால் வருவதில்லை. புகையிலை, மது, வெற்றிலை பாக்கு ஆகியவையே முதன்மையான காரணங்கள். எனினும் நான்கு மாதங்கள் என்பது நேரில் காட்டவேண்டிய காலம்தான். உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ முதலில் காட்டி, கடிதம் பெற்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போகலாம். அங்கு கட்டணம் இல்லை. மூக்கினூடாக மெல்லிய வளையும் குழாயைச் செலுத்திக் குரல்வளைவரை பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், மயக்க மருந்து தேவைப்படாது.

கேள்வி: என் தகப்பனுக்கு 67 வயது. புகையிலை வைத்து வெற்றிலை போடுவார். இரண்டு மாதங்களாகக் குரல் கம்மியிருக்கிறது, வலது காது நோகிறது என்கிறார். மல்லி அவித்துக் குடித்தால் போதும் என்று கிளினிக்குக்கு வர மறுக்கிறார்.
- வாசகர், சாவகச்சேரி

பதில்: மல்லித்தண்ணீர் தடிமனுக்கு இதமானது, உங்கள் தகப்பனாரின் நிலைக்குப் போதாது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் கூடிவரும் சிரமம், காதில் குறையில்லாமல் ஒரு பக்கக் காதில் மட்டும் நோவு, கழுத்தில் கட்டி, ஆறாத வாய்ப்புண், சளியில் இரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிதல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலே நிபுணரிடம் காட்டவேண்டும். அவருக்கு இரண்டு இருக்கின்றன. புகையிலைப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. புகையிலையை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றை அறியவேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது.

இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். குரல்நாணில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே குரலை மாற்றிவிடுவதால், அந்த மாற்றத்தை மதித்து வருபவர்களில் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிறது. மூச்சு எடுக்கும்போது இரைச்சல் கேட்டாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து வடிந்தாலோ, வாய் திறக்க முடியாமற் போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகவேண்டும். போகும்போது அவர் பாவிக்கும் மருந்துகளையும் பழைய கிளினிக் கொப்பியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.